மூன்றாம் லைன் கேமராவும் அதன் பழைய பதிப்பும்

1

காலை ஷிஃப்ட் தொடங்கும்போது எங்கள் லைனில் கேமராவுக்கு முதலில் காட்டுவது நல்ல பீஸை அல்ல, கெட்ட பீஸை. பிரேக் பாகம் ஒன்றில் மயிரிழை அளவுக்கு விரிசல் இருக்கும். அதை வேண்டுமென்றே பத்திரப்படுத்தி வைத்திருப்போம். மாஸ்டர் பீஸ் என்று பெயர். கேமராவுக்கு அடியில் வைத்தால் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். எரிந்த பிறகுதான் உற்பத்தி.

அன்று பச்சை எரிந்தது.

நான் அப்போதுதான் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, கேன்டீனில் இட்லித் தட்டோடு உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் லைன் சூப்பர்வைசர் செல்வி போன் செய்தார்.

"மேடம், மாஸ்டர் பீசு ஓகேன்னு காட்டுது. ரெண்டு வாட்டி வச்சுப் பாத்துட்டேன். லைன நிறுத்திகினு நிக்கிறேன், சீக்கிரம் வாங்க."

தட்டை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினேன். முந்தின நாள் பிற்பகல் அந்தக் கேமராவின் புரோகிராமை மாற்றியிருந்தோம். மாஸ்டர் பீஸ் அப்போது அளவு சரிபார்ப்புக்காக லேபுக்குப் போயிருந்தது. அன்று காலைதான் லைனுக்குத் திரும்பியது. இடையில் ஓடிய ஷிஃப்டுகளுக்கு, மாஸ்டர் பீஸ் சோதனை இல்லாமலே ஓட்டலாம் என்று குவாலிட்டி பிரிவே விலக்கு கொடுத்திருந்தது. அந்த நேரத்தில் வந்த பீஸ்கள் எல்லாம் பச்சை வாங்கிப் பெட்டிக்குள் போயிருக்கும். விரிசல் உள்ளதும் போயிருக்கலாம். பிரேக்கில் போய் உட்காரும் சாமான் அது.

லைனுக்குப் போய் நானும் ஒருமுறை வைத்துப் பார்த்தேன். பச்சைதான்.

2

நடந்தது புரிய, சில மாதங்கள் பின்னால் போக வேண்டும்.

ஒரகடத்தில் இருக்கும் அந்தத் தொழிற்சாலையின் சிஸ்டம்ஸ் பிரிவில் நானும் முத்துக்குமாரும்தான் லைன் புரோகிராம்களைப் பார்த்துக்கொண்டோம். முத்துக்குமாருக்குச் சங்கரன்கோவில் பக்கம். குன்றத்தூரில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். வேலையில் கெட்டிக்காரர். ஆனால் கான்ட்ராக்ட் ஆள், பச்சை எரிந்த அந்த மாதக் கடைசியில் அதைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது.

கோட் எழுதித் தரும் ஏஐ உதவியாளர் ஒன்றைக் கம்பெனி எங்களுக்கு வாங்கிக் கொடுத்திருந்தது. ஆரம்பத்தில் அது பெரிய தொல்லை. படத்தை அலசுவதற்கு நாங்கள் பயன்படுத்தும் லைப்ரரியில், அதாவது ஆயத்த கோட் தொகுப்பில், எப்போதோ எடுத்துவிட்ட ஃபங்ஷன்களை, இன்றும் இருப்பதுபோல் நம்பிக்கையாக எழுதித் தரும். ஓட்டினால் எரர். எரரைக் காட்டினால் மன்னிப்புக் கேட்டுவிட்டு, இல்லாத இன்னொன்றை எழுதும். அதற்குத் தெரிந்ததெல்லாம் அது பயிற்சி பெற்ற காலம் வரைதான். அதற்குப் பிறகு லைப்ரரியில் நடந்தது அதற்குத் தெரியாது.

முத்துக்குமார் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். லைப்ரரியின் இன்றைய டாக்குமென்டேஷனை, அதன் விளக்கப் பக்கங்களை, உதவியாளரே தேடிப் படிக்கும்படி இணைத்துவிட்டார். எழுதுவதற்கு முன் அது அந்தப் பக்கங்களைப் புரட்டும், பிறகு எழுதும். எரர் நின்றுபோனது. ஒரு வாரம் இழுக்கும் வேலை ஒரே நாளில் முடிந்தது. எங்களுக்கும் அதன்மேல் ஒரு நம்பிக்கை வந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் கஸ்டமர் பிரேக் பாகத்துக்கான சோதனை விதியைக் கொஞ்சம் கடுமையாக்கினார். கேமரா புரோகிராமை அதற்கேற்ப மாற்ற வேண்டும். உதவியாளர் எழுதியது. மாஸ்டர் பீஸ் கைவசம் இல்லாததால், விரிசல் பீஸ்களின் பழைய படங்களை முத்துக்குமாரின் லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்தோம். எல்லாவற்றையும் சரியாகத் தள்ளியது. லைனில் ஏற்றினோம். நல்ல பீஸ்கள் பச்சை வாங்கிக்கொண்டு போயின. நாங்களும் வீட்டுக்குக் கிளம்பினோம்.

3

குவாலிட்டி மேனேஜர் சேவியர் சார் லைனுக்கு ஓடி வந்தார். டெஸ்பாட்ச்சில் இருந்த பெட்டிகளையெல்லாம் நிறுத்தச் சொன்னார். ஆனால் ஒரு லாரி விடியற்காலையிலேயே கிளம்பிவிட்டது. தண்டலம் தாண்டி இருக்கும் கஸ்டமர் பிளான்டுக்கு. அங்கே பெட்டியைப் பிரித்தால் நேரே அசெம்பிளி லைன், அங்கிருந்து வண்டிக்குள்.

முத்துக்குமார் அப்போதுதான் உள்ளே வந்தார். விஷயத்தைச் சொன்னதும் லாரி டிரைவருக்கு விடாமல் போன் போட்டார்.

"அக்கா, டிரைவர் போனை எடுக்க மாட்டேங்காரு. நான் வண்டில போய்ப் பாத்துட்டு வாரேன்."

நான் பதில் சொல்வதற்குள் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த நேரத்தில் அந்தச் சாலை எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கம் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். கன்டெய்னர்களுக்கு நடுவே அவர் எப்படி ஓட்டிக்கொண்டு போகிறாரோ என்று அது ஒரு பயம்.

பிளான்ட் ஹெட் என்னையும் சேவியர் சாரையும் டெஸ்பாட்ச் ஆட்களையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். கத்துகிறவர் அல்ல. அன்றும் கத்தவில்லை. எழுதியது ஏஐ என்று சேவியர் சார் விளக்க ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஏஐ எழுதிச்சுன்னு கஸ்டமர்கிட்ட சொல்ல முடியாது சார். லைன்ல ஏத்தினது யாரு?"

"நானும் முத்துக்குமாரும்தான் சார்" என்றேன்.

அவர் தலையாட்டினார். காரணம் என்ன என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். தெரியாமல் கஸ்டமரிடம் என்ன சொல்வது என்றார். பில்லில் தப்பு, லாரியைத் திருப்பி அனுப்புங்கள் என்று சொல்லிவிடலாமா என்று அறையில் ஒருவர் மெதுவாகக் கேட்டார். பிளான்ட் ஹெட் போனை எடுத்து, கஸ்டமரின் ஸ்டோர்ஸ் தலைவரிடம் எங்கள் கேமராவை நம்ப முடியவில்லை, பெட்டியைத் தொட வேண்டாம் என்று நேராகவே சொல்லிவிட்டார். அதன்பின் எங்களிடம் திரும்பி, காரணம் வேண்டும் என்றார்.

நான் லைன் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். உதவியாளரிடம் கோடில் என்ன தப்பு என்று கேட்டேன். தப்பே இல்லை, டாக்குமென்டேஷன் சொல்கிறபடிதான் இருக்கிறது என்றது. பக்கத்தையும் எடுத்துக் காட்டியது. படித்துப் பார்த்தேன். உண்மைதான். லேப்டாப்பில் ஓட்டினேன், சிவப்பு. அதே கோட், அதே படம், லைன் கம்ப்யூட்டரில் பச்சை.

அப்போதுதான் இரண்டு கம்ப்யூட்டரிலும் லைப்ரரியின் பதிப்பு எண்ணைப் பார்க்கத் தோன்றியது. லேப்டாப்பில் புதியது. லைனில் மிகப் பழையது. அங்கிருக்கும் கேமராவை இயக்கும் டிரைவர் மென்பொருள் புதிய பதிப்போடு ஒத்துப்போகாது என்பதால், கேமரா கம்பெனிக்காரர்கள் அதை ஏற்றவே கூடாது என்று பூட்டி வைத்திருந்தார்கள்.

உதவியாளரிடம் பழைய பதிப்பு எண்ணைச் சொல்லி, அதற்கான டாக்குமென்டேஷனைப் படித்துவிட்டுச் சொல் என்றேன். உடனே சொல்லிவிட்டது. நல்ல பீஸோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மதிப்பெண் தரும் ஒரு ஃபங்ஷன். இரண்டு பதிப்பிலும் ஒரே பெயர். புதிய பதிப்பில் முழு மதிப்பெண் ஒன்று, பழையதில் நூறு. உதவியாளர் புதியதைப் படித்துவிட்டு, புள்ளி எட்டுக்கு மேல் வந்தால் பச்சை என்று எழுதியிருந்தது. லைனில் விரிசல் பீஸுக்கு நாற்பது மதிப்பெண் வந்தாலும் அது புள்ளி எட்டுக்கு மேல்தானே. ஒரு செங்கல்லை வைத்திருந்தாலும் பச்சை காட்டியிருக்கும்.

எரர் வந்திருந்தால் அன்றைக்கே பிடித்திருப்போம். எரர் இல்லாமல் ஓடியதுதான் எங்களைக் கவிழ்த்தது.

முத்துக்குமாரிடமிருந்து போன் வந்தது. மூச்சு வாங்கியது.

"லாரி பிளான்ட் கேட்டுக்குள்ள போயிட்டுக்கா. ஆனா இன்னும் எறக்கல. நான் பக்கத்துலயே நிக்கேன்."

4

பெட்டிகள் எல்லாம் திரும்பி வந்தன. லைன் பதிப்புக்கு ஏற்பப் பச்சைக்கான எல்லையை எண்பது என்று திருத்தி, இந்தமுறை மாஸ்டர் பீஸை வைத்துச் சிவப்பைப் பார்த்த பிறகு ஒவ்வொரு பீஸாக மறுபடி ஓட்டினோம். செல்வியும் அவருடைய ஆட்களும் ஓடி முடித்ததைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். விரிசல் எதிலும் இருக்காது என்று எனக்கு ஒரு நப்பாசை. லாரியில் போய் வந்த பெட்டி ஒன்றில் சிவப்பு எரிந்தது. செல்வி அதைத் துணியால் துடைத்து என்னிடம் நீட்டினார். விரிசல் கண்ணுக்கே தெரிந்தது. முத்துக்குமார் அதை வாங்கிப் பார்த்துவிட்டு வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

அவருடைய கான்ட்ராக்டைப் புதுப்பித்தார்கள். எழுத்தில் எச்சரிக்கை எங்கள் இருவருக்கும் வந்தது. ஒவ்வொரு லைன் கம்ப்யூட்டரிலும் என்ன பதிப்பு இருக்கிறதோ, அந்தப் பதிப்பின் டாக்குமென்டேஷனை மட்டும் உள் சர்வரில் இறக்கி வைத்தோம். உதவியாளர் இப்போது முதலில் மெஷினில் உள்ள பதிப்பு எண்ணைப் பார்க்கும், பிறகு அதற்குரிய பக்கங்களைப் படிக்கும். எண் கிடைக்காவிட்டால் எழுதக் கூடாது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: டாக்குமென்டேஷன் புதியதா என்று மட்டும் பார்க்காதீர்கள். உங்கள் மெஷினுக்கு உரியதா என்று பாருங்கள்.

சில வாரம் கழித்துக் கஸ்டமரின் குவாலிட்டி அதிகாரி ஆடிட்டுக்கு வந்தார். நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். ஏஐயை நிறுத்திவிட்டீர்களா என்று கேட்டார். இல்லை என்று சொல்லி, செய்த மாற்றத்தைக் காட்டினேன். குறித்துக்கொண்டே வந்தவர் பாதியில் பேனாவை வைத்துவிட்டார்.

"எங்க அசெம்பிளிலயும் இதே ஏஐதாங்க ஓடுது. லேட்டஸ்ட் டாக்குமென்டேஷன் கனெக்ட் பண்ணிட்டோம்னு பெருமையா சொன்னாங்க. மெஷின்ல எந்த வெர்ஷன் இருக்குன்னு நான் கேக்கவே இல்ல."

போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். மெஷினில் எந்த வெர்ஷன் என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்பது உள்ளே வரை கேட்டது. உள்ளே வந்ததும் பையை எடுத்துக்கொண்டார். மிச்ச ஆடிட்டை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுக் காரை நோக்கி ஏறக்குறைய ஓடினார்.