செவலை ஜெயித்த கதை

போன வாரம் லோபாக்கில் ஒரு காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தேன். அன்று வருடத்துக்கு ஒருமுறை வரும் பெரிய குதிரை ரேஸ். ஓட்டம் முடிந்து பக்கத்து மேசையில் பஞ்சாயத்து நடந்துகொண்டிருந்தது. கைப்பேசியில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து ஒருவர் ஜாக்கியைத் திட்டினார், இன்னொருவர் குதிரையைக் கழுதை என்றார். என் மாமா மட்டும் அந்த மேசையில் இருந்திருந்தால் கழுதை என்றவரிடம் சண்டைக்கே போயிருப்பார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. ரெம்பாவில் மரப்பட்டறையில் வேலை. சனிக்கிழமையானால் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு வந்துவிடுவார். பம்பு வீட்டு வளைவிலேயே அந்த மோட்டாரின் இருமல் எங்கள் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வீட்டு வரிசைக்கு, கேட்கும். குதிரையில் பணம் கட்டுவார், தோற்பார், பிறகு எங்கள் வீட்டில் சோறு சாப்பிட்டுக்கொண்டே தோற்ற குதிரைக்காக வக்காலத்து வாங்குவார். "பாவம்லா அது. போன வாரந்தான் ஓடுச்சு, களைச்சுப் போயிருக்கும்" என்பார். "அதுக்கு வெளிப்பக்கம் குடுத்துட்டானுங்க, அது என்னா செய்யும்?" என்பார். ஒரு நாளும் குதிரையைக் குறை சொன்னதில்லை. அப்பாவுக்கு இதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். "உன் தம்பிக்கு அது மாமனா, மச்சானா?" என்று அம்மாவிடம்தான் எரிந்து விழுவார்.

நான் வயதுக்கு வந்தது அந்தப் பெரிய ரேஸ் நெருங்கிய சமயத்தில். வழக்கப்படி மாமாதான் வந்து பச்சைத் தென்னை ஓலை கட்டித் தடுப்பு போட்டுக் கொடுத்தார். எங்கள் லயத்து வீட்டின் முன்பக்கத்தை அஞ்சடி என்போம். அந்த அஞ்சடியின் ஓரத்தில் ஓலைக்குப் பின்னால் என்னை உட்காரவைத்துவிட்டார்கள். பள்ளிக்கூடம் கிடையாது, விளையாட்டு கிடையாது, மூன்று வேளையும் உளுந்தங்களி. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரே ஆறுதல், அஞ்சடியில் யார் என்ன பேசினாலும் ஒரு சொல் விடாமல் காதில் விழும்.

அம்பாங்கானிலிருந்து ஒரு நாள் என்னைப் பார்த்துவிட்டுப் போக வந்திருந்த அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, பேசியதும் அப்படித்தான் விழுந்தது. சடங்கு அன்று தாய்மாமன் சீர்த்தட்டு கொண்டுவர வேண்டும். சேலை, வளையல், பழம், பலகாரம் எல்லாம் ஊர் பார்க்க வரிசையாக வர வேண்டும். "குதிரைக்காரன் எங்க சீர் கொண்டாரப் போறான்? வெறுங்கைய வீசிக்கிட்டுத்தான் வருவான். நம்ம சனம் முன்னுக்கு மானம் போவப் போவுது" என்றாள் அத்தை. அம்மா தம்பியிடம் மட்டும் ரகசியமாக, "ஒரு தட்டு வாழைப்பழம் போதும்டா" என்று சொல்லியிருந்தாள். மாமா சிரித்துவிட்டுப் போனாரே தவிர சரியென்று சொல்லவில்லை.

ரேஸ் நாள் விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. மரம் நனைந்துவிட்டால் பால் வெட்டு கிடையாது, வெட்டு இல்லையென்றால் சம்பளமும் இல்லை. ஆம்பிளைகள் எல்லாரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு எங்கள் அஞ்சடியில் வந்து குந்தினார்கள். நனைந்துகொண்டே வந்து இறங்கிய மாமா மழையைப் பார்த்துத் தொடையைத் தட்டினார். "ஏழாம் நம்பர் செவலை! ஈரத் தரைன்னா அதுக்கு உசுரு. இன்னிக்கு அத அடிக்க ஆளே இல்ல, எழுதி வெச்சுக்குங்க." போன சம்பளத்தைக் குதிரையில் பிடித்துவிடலாம் என்று எல்லாருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பெரியப்பா, மண்வெட்டி வாங்க வைத்திருந்த காசைக்கூடச் சேர்த்து எடுத்துக்கொண்டார். எங்கள் ஆட்களுக்கு மழை என்றால் உலகம் முழுக்க மழைதான். ரேஸ் நடப்பது கேஎல் என்கிற கோலாலம்பூரில் ஆயிற்றே, அங்கே மழை பெய்கிறதா என்று கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

மாமா ரெம்பாவுக்குத் திரும்பிவிட்டார். மற்றவர்கள் டவுன் காப்பிக்கடைக்குப் போய் டிவியில் ரேஸ் பார்த்துவிட்டுப் பொழுது சாயத் திரும்பினார்கள். அம்மா ஓலைக்குப் பின்னால் எனக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"கேஎல்லுல வெயிலு மண்டைய பொளக்குதுலா! ஒரு சொட்டு மழ இல்ல!"

"தர காஞ்சு கெடக்கு. செவல எங்க ஓடும்?"

"அது குதிரையா? எருமைலா, எருமை!" இது பெரியப்பா. "எல்லாம் போய்ச் சேந்தப்பறம் ஆடி அசைஞ்சு கடைசியா வருது!"

நான் களுக்கென்று சிரித்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை. என் தலையில் சீப்பு அப்படியே நின்றுவிட்டது.

சடங்கு அன்று பம்பு வீட்டு வளைவில் மோட்டார் சத்தம் கேட்கவே இல்லை. மாமா ஒரு வாடகை வேனில் வந்து இறங்கினார். பின்னாலேயே தட்டுகள் வந்தன, வந்துகொண்டே இருந்தன. பட்டுச்சேலை, வளையல், ஆப்பிள், லட்டு, அதற்கெல்லாம் மேலே ஒரு சின்னப் பெட்டியில் தங்க ஜிமிக்கி. எனக்குத் தலைகால் புரியவில்லை. மாமா மேல் அன்றைக்கு வந்த பாசத்தை எப்படிச் சொல்வது, ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"மோட்டார் எங்க மாமா?" என்றேன்.

"பட்டறையில போட்டிருக்கேன் கண்ணு, இஞ்சின் வேல" என்றார்.

அத்தை ஜிமிக்கியைக் கையில் எடுத்து எடை பார்த்தாள். பிறகு பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி, "இம்புட்டுக்கும் காசு ஏது தம்பி உனக்கு?" என்றாள்.

"குதிரையில வந்துச்சுக்கா. அன்னிக்கு ஓடுன செவல..." என்று ஆரம்பித்தவர் பந்தியைத் திரும்பிப் பார்த்தார். செவலையை நம்பித் தோற்றவர்கள் வரிசையாக இலை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். மாமாவின் முகம் வெளுத்துப்போனது.

எனக்கானால் நாக்கு துருதுருத்தது. அதுதான் கடைசியாக வந்த குதிரையாயிற்றே! வாயைத் திறந்தேன். அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளில் கண்ணில் நீர் வந்துவிட்டது.

சோற்றைப் பிசைந்துகொண்டே பெரியப்பா பேசினார். "ஆமாலா தங்கச்சி. என்னா ஓட்டங்கிற! கடைசி வளைவு வரைக்கும் பின்னாலதான் இருந்துச்சு. அதுக்கப்பறம் வந்துச்சு பாரு!"

"ஒரு கழுத்து முன்னுக்கு" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"ஒரு கழுத்தா? ஒரு முழுக் குதிரை முன்னுக்குலா!"

பந்தி முழுவதும் செவலையை ஓடவிட்டது. இத்தனை பேர் சொன்னதும், அன்றைக்கு ஓலைக்குப் பின்னால் நான்தான் தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று நம்பிவிட்டேன். அத்தை வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். மாமா தலை குனிந்தபடி, "நல்ல குதிரைக்கா" என்றார். ரசத்தை ஊற்றிக்கொண்டு வந்த அப்பா, குதிரை என்றாலே சீறும் அப்பா, மாமாவின் இலைக்கு வந்ததும் நின்றார். "நல்ல குதிரைதான் மச்சான்" என்றார்.

மோட்டாரை விற்றுத்தான் சீர் வந்தது என்பதை மாமாவே என் கல்யாணத்தின்போது சிரித்துக்கொண்டே சொன்னார். மோட்டாரை விற்றேன் என்றால் அம்மா ஒரு தட்டைக்கூட இறக்கவிட்டிருக்கமாட்டாளாம். குதிரைக் காசு என்றால் நாலு திட்டு திட்டிவிட்டு வாங்கிக்கொள்வாளாம். அன்றைக்குப் பந்தியில் அத்தையையும் என்னையும் தவிர எல்லாருக்கும் விஷயம் பிடிபட்டிருக்கிறது.

சடங்கு அன்று சாப்பாடு முடிந்து மாமா பஸ்ஸுக்குக் கிளம்பியபோது, அப்பா தன் மோட்டார் சாவியை எடுத்து அவர் சட்டைப் பையில் போட்டார். மாமா வேண்டாமென்று எடுக்கப்போக, அப்பா அந்தக் கையை அப்படியே பிடித்துக்கொண்டார். "பட்டறையிலேர்ந்து உன் வண்டி வர வரைக்கும் வெச்சிரு" என்றார்.

வண்டி வரவே இல்லை. திங்கட்கிழமை விடிந்தும் விடியாமலும் அப்பா பால் வாளியைத் தோளில் மாட்டிக்கொண்டு மேட்டு ரப்பர்க் காட்டுக்கு நடந்தே போனார். மறுநாளும் நடந்தார், அடுத்த வாரமும் நடந்தார். எனக்கு மாமா மேல் கோபம் கோபமாக வந்தது.

"குதிரையில அம்புட்டு ஜெயிச்சாரில்ல, ஒரு மோட்டார் வாங்கிக்கக் கூடாதா? அப்பா வண்டிய எதுக்குப் புடுங்கிட்டுப் போறாரு?" என்று அம்மாவிடம் கத்தினேன்.

அம்மா என் தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். "குதிரைய ஒண்ணும் சொல்லாதடி" என்றாள்.

நான் எங்கே குதிரையைச் சொன்னேன், மாமாவைத்தானே சொன்னேன் என்று முணுமுணுத்துக்கொண்டே சாப்பிட்டேன்.