செமிசியோட கீபோர்டு

செத்துப்போனவர் பேரு உங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இன்னும் இருக்கா? இருந்தா அவசரப்பட்டு அதுல கை வைக்காதீங்க. இது கதை இல்ல. நான் அங்கதான் இருந்தேன்.

எங்க தீவோட தலைநகர் நுகுஅலோஃபாவுல புயல் எச்சரிக்கை ஆபீஸ். கரை முழுக்க இருக்கிற சைரனை ஒரே ஒரு மெஷின்தான் ஊத வைக்கும். அதுல பெரிய வேலை எது செய்யணும்னாலும் ஒரு சின்ன ஃபைல்ல நம்ம பேரு இருக்கணும். அந்த ஃபைல்ல ஒரு வரி கோணினா போதும், மெஷின் யாரையும் நம்பாது. தப்பு இருந்தா தடுக்கிறதுக்குன்னே தனிக் கமாண்டு உண்டு. அதுலதான் அந்த ஃபைலைத் திறக்கணும்.

அந்த மெஷினை வருஷக்கணக்கா பார்த்துக்கிட்டவர் செமிசி. ஒத்தை விரல்லதான் அடிப்பார். மெஷின் ரூம்ல இருந்த அவர் பழைய கீபோர்டுல ஸ்பேஸ் தட்டினா 'கிரீச்'னு கத்தும். மாத்தவே விடமாட்டார். போன சனிக்கிழமைதான் புதைச்சோம்.

அவர் தம்பி மகன் மொசேசே என்கூட வேலை பார்க்கிறவன். எங்க வழக்கப்படி துக்கத்துக்கு இடுப்புல சுத்திக்கிற கிழிஞ்ச பாயோட வந்திருந்தான். மேலிடத்துல இருந்து ஃபோன். செமிசி பேரை இன்னைக்கே எடுக்கணுமாம்.

"பாயே இன்னும் அவுக்கல. அதுக்குள்ள பெரியப்பா பேரை அழிக்கணுமாம்!"

"நான் அழிக்கட்டாடா?"

"நீயா? எங்க அத்தைங்க உன்னைப் பன்னியோட சேத்து அடுப்புக் குழியில சுட்டுருவாங்க."

அந்தப் பேரைப் பார்க்க அவனுக்கு மனசு வரல. சாதா எடிட்டர்ல திறந்தான். முகத்தைத் திருப்பிக்கிட்டே அழிச்சான். மூடிட்டான்.

பாதி வரி அப்படியே நின்னுச்சு. அது எங்களுக்குத் தெரியாது.

சாயங்காலம் 4:20. புயல் திசை மாறிச்சு... நேரா எங்களைப் பார்த்து. சைரனை ஊதப் போனா மெஷின் உறைஞ்சு கிடக்கு. திரும்பக் கிளப்பணும். மொசேசே கமாண்டு அடிச்சான்.

ஃபைலில் பிழை. அனுமதி இல்லை.

நான் அடிச்சேன். அதேதான்.

"அம்மா பட்டங்கட்டாவுல இருக்காடா..." மொசேசே ஃபோனைத் தட்டிக்கிட்டே சொன்னான். அந்தக் கரையோர ஊர்ல அவங்க வீட்டுக்கும் கடலுக்கும் நடுவுல ஒரு ரோடுதான். ஃபோனும் போகல.

ஒரே வழிதான். பூட்டின மெஷின் ரூமுக்குள்ள உட்கார்ந்து தலைமை பாஸ்வேர்டு போடணும். அது செமிசிக்கு மட்டும்தான் தெரியும்.

4:31. லைட்டு ஒருதரம் மினுங்குச்சு.

அந்த ரூமுக்குள்ள...

டக்.

டக்... டக்...

கிரீச்.

மொசேசே என் கையைப் பிடிச்சான். "கேக்குதா?"

"ம்."

கதவுக்கு அடியில நீல வெளிச்சம்.

டக்...

கிரீச்.

அப்புறம் சத்தமே இல்ல.

சைரன் ஊதுச்சு. எல்லாக் கரையிலயும்.

சாவி போட்டுக் கதவைத் திறந்தோம். யாரும் இல்ல. ஸ்கிரீன்ல அந்த ஃபைல். பாதி வரி முழுசாகியிருந்துச்சு. செமிசி பேரோட. மேசை மேல ஈரமா வெள்ளை மணல்... எங்க ஊர்ல கல்லறை மேல கொட்டுற மணல்.

ஓடிவந்துட்டோம்.

மறுநாள் காலையில பட்டங்கட்டாவுல மூணு வீடு இல்ல. ஆளுங்க எல்லாரும் சர்ச்சுல பத்திரமா இருந்தாங்க. மொசேசே அம்மாவும்தான். வெளிச்சத்துல மெஷின் ரூமைப் பார்த்தோம். மேசையில மணல் இருந்துச்சு. கீபோர்டு இல்ல. செமிசி சம்சாரம் சேலாகிட்ட போய் மொசேசே கேட்டான்.

"நான்தான் எடுத்தேன்டா," அவங்க சொன்னாங்க. "சனிக்கிழமை, பெட்டியை மூடறதுக்கு முன்னாடி, அவர் கைக்கு அடியில வச்சு அனுப்பிட்டேன்."