பட்டக் குழுவில் குரல் கொடுப்பவர்

பட்டம் விடுவது சுலபம். பட்டம் விடுகிறவர்களுக்குச் சங்கம் நடத்துவதுதான் நாய்படாத பாடு. ஏதாவதொரு சங்கத்தில் செயலாளராக மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

கமிட்டிக்கு மேல் கமிட்டி

எங்களுடையது விளையாட்டுப் பட்டம். கைக்கொரு நூலாக இரண்டு நூல். பாட்டுக்கு ஏற்றபடி பட்டம் வானத்தில் ஆட வேண்டும். இதற்கு உலக அளவில் ஒரு சங்கம் இருக்கிறது. நாட்டுக்கு ஒரு கிளை, விதிகளுக்கு ஒரு கமிட்டி, நடுவர்களுக்கு இன்னொரு கமிட்டி. எல்லோருக்கும் கீழே, கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் பார்க்கிற நாங்கள். எங்கள் குழு ஒரு நடுவர் முன்னால் ஆடிக் காட்டித் தேறினால்தான் எங்களைச் சேர்த்துக்கொள்வார்கள்.

கவரைப்பேட்டை பக்கம் ஒரு காலி மனையில் பயிற்சி. உருக்காலைப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துத்தான் காற்றைக் கணிப்போம். ஒருநாள் மாஞ்சா நூல் என்று சந்தேகப்பட்டு ஒரு போலீஸ்காரர் வந்தார். நூலைத் தொட்டுப் பார்க்கச் சொல்லிவிட்டு, கமிட்டி விவரம் முழுவதையும் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டவர் கடைசியில் சொன்னார்: "பட்டத்துக்கு ஜட்ஜ் வேறயா? எங்க கேஸுக்கே ஜட்ஜ் கெடைக்காம அலைஞ்சிக்கினு கீறோம் சார்."

முனுசாமியின் புகார்

குழுவாக ஆடும்போது கண் பட்டத்தை விட்டு இறங்கக் கூடாது. பக்கத்து ஆளைப் பார்க்கவே முடியாது. அதனால் ஆடுகிறவர்களில் ஒருவர் 'மூணு, ரெண்டு, ஒண்ணு, திரும்பு' என்று குரல் கொடுப்பார். அந்தச் சொல்லில் எல்லாப் பட்டங்களும் ஒன்றாகத் திரும்ப வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் நூல்கள் பின்னிக்கொண்டு எல்லாம் தரைக்கு வந்துவிடும்.

எங்களுக்குக் குரல் கொடுத்தவர் ஈசாக்கு, வெல்டர். தேர்வுக்குக் கொஞ்ச நாள் முன்பு நெடுஞ்சாலையில் பைக் விபத்தில் போய்விட்டார். மூன்று பேர் மிஞ்சினாலும் குழுதான் என்கிறது விதி. எனக்குத்தான் மனம் வரவில்லை, கலைத்துவிடலாம் என்றேன். ஈசாக்கின் மனைவி ஸ்டெல்லா விடவில்லை. வீட்டுக்காரர் இந்தத் தேர்வையே நினைத்துக்கொண்டிருந்தாராம். நடத்தியே ஆக வேண்டும் என்றார்.

குரல் கொடுக்கிற வேலையை மிஞ்சிய மூவரில் ஒருவரான முனுசாமி ஏற்றுக்கொண்டார். முதல் பயிற்சியிலேயே மூன்று பட்டங்களும் அச்சு அசலாக ஒன்றாகத் திரும்பின. நான் கை தட்டினேன். முனுசாமி முகத்தில் ரத்தமே இல்லை. ஓரமாகக் கூட்டிப்போய், மற்ற இருவர் காதிலும் விழாதபடி சொன்னார்: "நான் 'திரும்பு'ன்னு சொல்றதுக்கு முன்னாடியே திரும்பிடுறானுங்க சார். என் கையும் அப்படித்தான் திரும்புது."

நடுவர் சொன்ன குறை

தேர்வன்று நல்ல வெயில், நிதானமான காற்று. வெளிநாட்டிலிருந்து நடுவர் அம்மையார் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தார். போனைப் பிடித்து நின்றவர் ஸ்டெல்லா. நான் அவர் பக்கத்தில்.

முனுசாமி வாயே திறக்கவில்லை. குரல் வேண்டாம் என்று மூவரும் பேசி வைத்திருக்கிறார்கள், எனக்குச் சொல்லவில்லை. நூல் பின்னினால் எல்லாம் முடிந்தது. ஆனால் பாட்டு முடிகிறவரை ஒரு திருப்பம்கூடப் பிசகவில்லை. மனையில் பாட்டையும் பட்டத் துணியின் படபடப்பையும் தவிர வேறு சத்தம் இல்லை.

தேறிவிட்டீர்கள் என்றார் நடுவர். ஒரே ஒரு குறைதானாம். அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "குரல் கொடுப்பவர் போனுக்கு மிக அருகில் நிற்கிறார். அடுத்த முறை கொஞ்சம் தள்ளி நிற்கட்டும், அவர் போட்ட சத்தத்தில் பாட்டே கேட்கவில்லை."

முனுசாமியைத் திரும்பிப் பார்த்தேன், தூரத்தில் நூலைச் சுற்றிக்கொண்டிருந்தார். நடுவர் சொன்னதை ஸ்டெல்லாவுக்கு விளக்கிச் சொல்லாமல் மழுப்பியிருக்கலாம், முடியவில்லை, சொல்லிவிட்டேன். அவர் பயப்படவில்லை. போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் தோளுக்குப் பக்கத்தில் இருந்த காலி இடத்தையும் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்: "எங்கியோ கீற அந்தம்மாவுக்குக் கேட்டுது. பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தேன், எனக்கு ஏன் சார் கேக்கல?"

அங்கீகாரம் கிடைத்துவிட்டது, ஆனால் அன்றிலிருந்து எங்கள் மனையில் பட்டத்தை அண்ணாந்து பார்ப்பவர்களைவிட, காதைத் தீட்டிக்கொண்டு நிற்பவர்கள்தான் அதிகம்.