காவல்காரன் கல்மேல் மூன்று தலைமுறைச் சுண்ணாம்பு

வெள்ளைக்காரனுக்குக் கடைசிவரை பணியாத ராஜாவின் சமாதிக்கு வருஷா வருஷம் வெள்ளையடிப்பது சுண்ணாம்புக்காரியின் குடும்பம். முதலில் தாத்தா, பிறகு அப்பா, இப்போது அவளும் அவள் தம்பியும். ராஜாவின் காலடியில் முழங்கால் உயரத்துக்கு இன்னொரு சமாதி உண்டு. கோட்டைக் கதவைக் காத்தவன் அதில் கிடக்கிறான். அவனுடைய மகள் வழியில் வந்தவர்கள்தான் இவர்கள். ஆனால் அதை வெளியே மூச்சுவிட மாட்டார்கள். அவன் கைநீட்டிக் காசு வாங்கிக் கதவைத் திறந்துவிட்டான் என்று யார் கிளப்பிவிட்டதோ, ஊரே நம்பியது. இவர்களும் நம்பினார்கள். ஒருமுறை இந்த உறவு எப்படியோ கசிந்து, பெரிய அத்தைக்குப் பேசி முடித்த சம்பந்தம் அந்த ஒரு பேச்சில் முறிந்தது. அதன்பின் அவளைக் கேட்டு ஒருவரும் வாசலேறவில்லை.

அந்தச் சின்னச் சமாதியில் ஏதோ எழுத்து இருந்தது. தாத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. வேறென்ன, திட்டித்தான் செதுக்கியிருப்பார்கள் என்று தானே முடிவுகட்டி, சுண்ணாம்பைக் கெட்டியாகக் குழைத்து அப்பிவிட்டார். அப்பாவும் அப்பினார். அவளும் அப்பினாள்.

அன்றைக்கு அவள் ஏணிமேல் நின்று ராஜாவின் தலைமாட்டுச் சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தாள். கீழே வழிகாட்டி, பார்க்க வந்த கூட்டத்துக்கு வழக்கமான கதையை அளந்துகொண்டிருந்தார்.

"இதோ கிடக்கான் பாருங்க, கதவைத் திறந்துவிட்ட துரோகி. ஆளுக்கொரு உதை விட்டுட்டுப் போங்க, ராஜாவுக்கு மனசு குளிரும்."

கூட்டம் சிரித்தது. பூட்ஸ் போட்ட ஒருவன் ஓங்கி உதைத்தான். உள்ளங்கை அகலத்துக்குச் சுண்ணாம்பு பெயர்ந்து விழுந்தது. உள்ளே கறுப்புக் கல்லில் இரண்டு எழுத்து தெரிந்தது.

அவளுக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. பிரஷை வாளியில் வீசிவிட்டு, சுரண்டும் தகட்டோடு இறங்கினாள். தம்பி ஓடிவந்து கையைப் பிடித்தான்.

"அக்கா, வேணாம். இருக்கிற மானமும் போயிரும். பூசி மூடிரு."

"பூசிப் பூசித்தான்டா இந்தக் கதி. அப்படி என்னதான் திட்டியிருக்காங்கன்னு பார்த்துடறேன். கையை எடு."

சுரண்டச் சுரண்ட மூன்று தலைமுறை உதிர்ந்தது. அவள் நகம் கிழிந்தது. இரண்டு வரி முழுதாகத் தெரிந்ததும் நிமிர்ந்து வழிகாட்டியைப் பார்த்தாள்.

"நீங்க படிச்சவர்தானே, வந்து படிங்க."

வழிகாட்டி குனிந்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"கதை சொல்றப்போ தொண்டை நல்லாத்தானே இருந்துச்சு? எல்லாருக்கும் கேக்கட்டும்."

"கதவைத் திறக்க மறுத்து... கதவோடு எரிந்தவன். ராஜா வம்சத்தார் வைத்த கல்."

"இன்னொரு தடவை."

படித்தார். பூட்ஸ்காரன் ஓசைப்படாமல் கூட்டத்துக்குப் பின்னால் நழுவினான்.

"எனக்கென்னம்மா தெரியும்? எனக்கு முன்னால இருந்தவர் சொன்னதைச் சொன்னேன்."

"அதை எங்க அத்தைகிட்டப் போய்ச் சொல்லுங்க. கல்யாணமே ஆகாம, எழுபது வயசுல போய்ச் சேர்ந்தா."

தாத்தாவைத் திட்டலாமென்றால் அவரும் மண்ணாகிவிட்டார். யாரையாவது கூப்பிட்டு ஒருதரம் படிக்கச் சொல்லியிருக்கக் கூடாதா மனுஷன்? பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி சுரண்டினாள். தம்பி வாளியோடு பக்கத்தில் வந்தான்.

"இதுமேல ஒரு சொட்டு விழுந்துச்சு, கையை ஒடிச்சிருவேன்" என்றாள். பிறகு வழிகாட்டியிடம் திரும்பினாள்.

"அடுத்த கூட்டம் வருது. போய்க் கதையைச் சொல்லுங்க. நான் இங்கயேதான் உக்காந்திருப்பேன்."