கோட்டைப் புல்வெளியில் ஒரு நித்திரை

லண்டனுக்கு வந்து எட்டு வருடங்களில் செபமாலைமுத்து ஓரிடத்தில் சும்மா இருந்ததை அவருடைய மனைவி இம்மாகுலேற் கண்டதில்லை. கிழமை நாட்களில் பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை, சனி ஞாயிறுகளில் கார்களுக்கு எண்ணெய் அடிக்கும் பெற்றோல் செட்டில். தங்கைகள் மூவரையும் ஊரிலிருந்து ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுக் கட்டிக்கொடுத்தார். கடைசித் தங்கை கலியாணம் கட்டி, ஃபாரஸ்ட் கேட்டில் இருந்த அவர்களுடைய வீட்டைவிட்டுப் போனது எண்பத்தொன்பதாம் ஆண்டு மாசியில். இனியாவது மனுசன் ஆறுவார் என்று இம்மாகுலேற் நினைத்தாள். ஆனால் அதற்குள் நித்திரை அவரைக் கைவிட்டிருந்தது. கண்ணைத் திறந்தபடியே படுத்துக்கிடந்தார். டொக்டர் கொடுத்த குளிசைக்கும் அது மசியவில்லை.

அந்த ஆனியில் ஒரு ஞாயிறு, கென்ட் பக்கத்துக் கோட்டை ஒன்றைப் பார்க்கத் தெரிந்தவர்கள் சேர்ந்து கோச் பஸ் ஒன்று பிடித்தார்கள். இம்மாகுலேற் கணவனைக் கேட்காமலே பெற்றோல் செட்டுக்குப் போன் எடுத்து, அவருக்குச் சுகமில்லை என்று சொன்னாள். அது முழுப் பொய்யும் அல்ல.

கோட்டை தண்ணீருக்கு நடுவில் நின்றது. காற்றே இல்லாததால் ஏரிக்குள் இன்னொரு கோட்டை தலைகீழாகக் கிடந்தது. சுற்றிவர மெத்தென்ற பச்சைச் சரிவுகள், அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெரிய மரங்கள். இந்த மேடும் ஏரியும் தானாக வந்தவையல்ல, இருநூறு வருடங்களுக்கு முன் மண்ணை வெட்டிக் கொட்டி உண்டாக்கியவை என்று வழிகாட்டி சொன்னார். எதற்காக என்று செபமாலைமுத்து கேட்டார். பார்ப்பதற்காக என்றார் வழிகாட்டி. வேறொன்றுக்கும் இல்லையா என்று மறுபடி கேட்டுவிட்டு, அவர் வெகுநேரம் அந்தச் சரிவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சாப்பிட்ட பிறகு மற்றவர்கள் கோட்டைக்குள் போக, அவர் ஒரு மரத்தடியில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சாய்ந்தார். இம்மாகுலேற் பிளாஸ்கைக் கழுவிக்கொண்டு வந்தபோது அவர் நித்திரையாகியிருந்தார்; வாய் சற்றே திறந்திருக்க, மூச்சு சீராக ஏறி இறங்கியது. அவள் பக்கத்தில் இருந்து, அவருடைய முகத்தில் விழுந்த இலைநிழல் மெல்ல மெல்ல நெஞ்சுக்கு நகர்வதைப் பார்த்தாள். தூரத்தில் மான்கள் சத்தமில்லாமல் மேய்ந்தன. நேரம் எங்கேயோ நின்றுவிட்டதுபோல் இருந்தது.

ஐந்து மணிக்கு, கோச்சை ஒழுங்கு செய்த யோகலிங்கம் தேடிக்கொண்டு வந்தான்.

"அக்கா, அண்ணையை எழுப்புங்கோ. கோச் வெளிக்கிடப்போகுது."

"எழுப்பமாட்டன் தம்பி. நீங்கள் போங்கோ. நாங்கள் றெயினிலை வாறம்."

அவன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். அவள் அசையவில்லை.

ஆறரைக்குத்தான் செபமாலைமுத்து கண் விழித்தார். புல்வெளி முழுவதும் பொன்னிற வெயில், ஆட்கள் இல்லை. மற்றவர்கள் எங்கே என்று கேட்டார். போய்விட்டார்கள் என்றாள்.

"ஏன் என்னை எழுப்பேல்லை?"

"எனக்கு மனம் வரேல்லை."

அவர் கோபிப்பார் என்றுதான் அவள் காத்திருந்தாள். அவரோ சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு ஏரிக்கரை வழியே நடந்தார். பூங்காவை எட்டு மணிக்குத்தான் மூடுவோம் என்று காவலாளி சொன்னதால் அவர்களும் அவசரப்படவில்லை. பாதி வழியில் அவர் நின்றார்.

"கலியாணம் கட்டி இருவத்தொரு வருசம். நாங்கள் ரெண்டுபேரும் இப்பிடி நடந்ததே இல்லை, என்ன?"

"ஓம்," என்றாள் அவள்.

அடுத்த கிழமையே அவர் பெற்றோல் செட்டின் ஞாயிற்றுக்கிழமை வேலையை விட்டார். அதன்பின் மாதத்துக்கு ஒருமுறை கோட்டை பார்க்க றெயின் ஏறினார்கள். இம்மாகுலேற் உள்ளே போய், எந்த ராணி எந்த அறையில் இருந்தாள் என்றெல்லாம் கேட்டுக்கொண்டு வருவாள். அவர் வெளியே மரம் தேடிப் படுப்பார். வீட்டில் ஒழுங்காக நித்திரை வர இரண்டு வருடம் பிடித்தது. வந்த பிறகும் பயணங்கள் நிற்கவில்லை.

தொண்ணூற்றாறில் ஒரு மழைநாள், புல் நனைந்திருந்ததால் அவரும் அவளோடு முதன்முதலாகக் கோட்டைக்குள் ஏறினார். மேல்மாடி யன்னலில் இருவரும் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். கீழே மழை மூட்டத்துக்குள் சரிவுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கரைந்துகொண்டிருந்தன. கதவு பூட்டப் போவதாகக் காவலாளி வந்து இரண்டு தரம் சொல்லவேண்டியிருந்தது.