பூங்குழலியின் பெட்டியில் சுதாகர் போட்ட கிளை

மலைமேல் இருக்கும் திருப்புலி நாட்டில் ஊற்றுத் தண்ணீரை ஓஸ் குழாய் போட்டு வீட்டுக்கு இறக்க வேண்டுமென்றால் சுதாகரைத்தான் கூப்பிடுவார்கள். கைராசிக்காரன். அந்தக் கைராசியே அவனுக்குத் தலைக்கனமாகவும் ஏறியிருந்தது.

தங்கை பூங்குழலி கம்ப்யூட்டர் படித்தவள். பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸ் ஏற்றி, வீட்டுக்கு வரும் இன்டர்நெட்டை அந்தப் பெட்டி வழியாகத் தன் லேப்டாப்புக்கு ஒயரில் எடுத்திருந்தாள். ஒரு கம்பெனியில் நெட்வொர்க் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாள். அன்று காலை வீட்டிலிருந்தே இன்டர்வியூ.

சுதாகருக்கோ மிளகு காயும் களத்தில் உட்கார்ந்து போனில் கிரிக்கெட் பார்க்க ஆசை. மலையிறங்கிச் சேந்தமங்கலம் போய் வைஃபை ரவுட்டர் வாங்கி வந்தான். தங்கையிடம் கேட்டானா? எதற்குக் கேட்பான்! ஓஸில் எங்கே வேண்டுமானாலும் அறுத்துக் கிளை பிரிக்கிறவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? இன்டர்வியூ அன்று விடிந்ததும், லினக்ஸ் பெட்டியிலிருந்து வரும் ஒயர் பிரிகிற இடத்தில் இன்னொரு ஒயரை மாட்டி இழுத்து, ரவுட்டரில் கண்ணில் பட்ட ஓட்டையில் செருகினான்.

தண்ணீர் வேறு, இது வேறு. வீட்டில் எந்தக் கருவிக்கு எந்த முகவரி நம்பர் என்று கொடுப்பது லினக்ஸ் பெட்டியின் பொறுப்பு. ஓட்டை மாறிச் செருகியதால் புது ரவுட்டரும் தன் பங்குக்கு நம்பர் கொடுக்கத் தொடங்கியது. பூங்குழலி லேப்டாப்பைப் போட்டாள். அது ரவுட்டரிடம் நம்பர் வாங்கிக்கொண்டு, வெளியே போக வழியில்லாமல் நின்றது. அணைத்து அணைத்துப் போட்டாள். இன்டர்வியூ நேரம் போய்விட்டது.

அவள் விசும்பல் கேட்டதும் சுதாகருக்குத் தான் மாட்டிய ஒயர் ஞாபகம் வந்தது. ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கினான். உடனே நெட் வந்துவிட்டது. அடப்பாவி, நீதானா என்று அவன் நெஞ்சே அவனைக் கேட்டது. ரவுட்டரை மிளகுச் சாக்குக்குள் திணித்துவிட்டு உள்ளே வந்தான்.

அதற்குள் கம்பெனியிலிருந்து போன்.

"என் தப்புதாங்க. நான் பண்ணின செட்டிங்லதான் ஏதோ கோளாறுங்க," என்றாள் பூங்குழலி. பக்கத்தில் நின்ற சுதாகருக்குச் சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளுக்குள் அடித்துக்கொண்டது. வாய் திறக்கவில்லை. வீட்டு நெட்டையே சரியாக வைத்துக்கொள்ளத் தெரியாதவளுக்கு வேலை எப்படித் தருவது என்று கேட்டுப் போனை வைத்துவிட்டார்கள்.

அதன் பிறகுதான் சுதாகர் போய்ச் சாக்கிலிருந்து ரவுட்டரை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தான்.

"நான்தான் கண்ணு மாட்டினேன். பெரிய பாவம் பண்ணிட்டேன் சாமி."

பூங்குழலி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்பண்ணா கழட்டுனீங்க?"

"போன் வர்றதுக்கு முந்தி."

"அப்ப, என் தப்புன்னு நான் சொல்றப்ப பக்கத்துலதான நின்னீங்க?"