கடைசி நிறுத்தத்துக்குக் கீழே

அவர் ஓட்டும் பேருந்தில் ஏறி உட்கார்ந்தால் பாதிப் பேர் தூங்கிப் போவார்கள். பள்ளம் மேடு தெரியாமல் அப்படி ஓட்டுவார். பணிமனையில் அவருக்குத் தொட்டில்காரர் என்றே பெயர்.

அவருடைய வண்டிக்குக் கடைசி நிறுத்தம் பாறைக் கடற்கரை. தினமும் கூட்டத்தைக் கொண்டுவந்து இறக்கிவிடுவார், வண்டியைத் திருப்புவார், ஒரு டீ குடிப்பார், கிளம்பிவிடுவார். இத்தனை வருஷத்தில் சாலையோரச் சுவரைத் தாண்டிக் கீழே கால் வைத்ததில்லை. கேட்டால், "கடல் என்ன ஓடியா போகப்போகுது?" என்பார். நேரமில்லை என்பது பாதிதான். மீதி பயம். நீச்சல் தெரியாது. அது மனைவிக்கு மட்டும் தெரிந்த சங்கதி.

பளீரென்று வெயிலடித்த ஒரு காலையில் வண்டி அங்கேயே படுத்துவிட்டது. சாவியைத் திருகினால் இருமியதே தவிர, கிளம்பவில்லை. மெக்கானிக் மதியத்துக்கு மேல்தான் வருவார் என்று பணிமனையில் கையை விரித்துவிட்டார்கள். மனைவி தையல் கூடத்தில் வேலை பார்ப்பவள். அன்று அவளுக்கு விடுமுறை. என்ன தோன்றியதோ, அவளுக்குப் போன் போட்டார்.

"அடுத்த வண்டியைப் பிடிச்சு கடற்கரைக்கு வாயேன்."

"ஏங்க, உடம்புக்கு ஏதும் முடியலையா?"

"எனக்கில்ல. வண்டிக்கு."

வந்தவள் வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று பாறைகளில் இறங்கினாள்.

"பாத்து! பாசி வழுக்கும்!"

"வழுக்கினா உக்காந்துக்க வேண்டியதுதான். வாங்க."

ஸ்டியரிங்கை ஒரே ஒடி ஒடித்துச் சந்துக்குள் பேருந்தைத் திருப்புகிற மனுஷன், பாறையைக் கண்டதும் நாலு காலில் தவழ்ந்தார். சுவர்மேல் உட்கார்ந்திருந்த நடத்துநர் விடுவாரா?

"வாங்கண்ணே... வாங்க... வாங்க... லேசா இடது பக்கம் ஒடிங்க... ரைட்!"

கடலைப் பார்க்க வந்தவர்களெல்லாம் இவரைப் பார்த்துச் சிரித்தார்கள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் பிடி நழுவி, மிச்ச தூரத்தைச் சறுக்கியே கடந்தார்.

கீழே இரண்டு பாறைகளுக்கு நடுவே கண்ணாடி மாதிரி தண்ணீர் தேங்கிக் கிடந்தது. மனைவி காலை விட்டு உட்கார்ந்தாள். அவர் முதலில் பெருவிரலை விட்டார், பிறகு பாதம், பிறகு முழங்கால். விரல் நீளம்கூட இல்லாத மீன்கள் வந்து பாதத்தைக் கொத்தின. "கூசுதுடி!" என்று துள்ளினார். அந்த நேரம் பார்த்துப் பெரிய அலை ஒன்று பாறையில் மோதி, இருவர் தலையிலும் குடத்தைக் கவிழ்த்தாற்போல் கொட்டியது. காக்கிச் சட்டை தொப்பலாகிவிட்டது. மனைவி பதறிப்போய் அவர் கையைப் பிடித்தாள்.

"இன்னொண்ணு வருது, எந்திரிங்க!"

"வரட்டுமே" என்றார் அவர்.

சூடேறிய பாறையில் சட்டையை விரித்துக் காயவைத்து, அவள் கொண்டுவந்த சாப்பாட்டை நடத்துநரையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சாப்பிட்டார்கள். மெக்கானிக் வந்து வண்டியைக் கிளப்பியபோது, "அதுக்குள்ள ஆயிடுச்சா?" என்று கேட்டார் தொட்டில்காரர்.

மறுநாள் பணிமனையில், வேலை நேரம் பிரித்துக் கொடுக்கிற அதிகாரி முன்னால் போய் நின்றார். தனக்கென்று வாய் திறந்து எதையும் கேட்டுப் பழக்கமில்லாத ஆள்.

"வார விடுமுறையை மாத்திக் குடுங்க சார். வீட்டுக்காரிக்கு லீவு வர்ற நாள்ல வேணும்."

"என்ன விசேஷம்?"

"ஒண்ணுமில்ல சார். கடலுக்குப் போகணும்."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். ஆள் விளையாடுவதாகத் தெரியவில்லை. மாற்றிக் கொடுத்துவிட்டார்.

இப்போதும் பாறைகளில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்குகிறார். ஆனால் தண்ணீர் இடுப்பு வரை வந்தாலும் அசைவதில்லை.